துயரம் பாட வைக்காது, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். மெக்சிகோவின் பாடகர், பாடலாசிரியர் ஹுவான் காப்ரியேலை உருவாக்கியது அவர் பட்ட துயரமா, அவருக்குக் கைகொடுத்த மனிதர்களா என்பது தலைப்பு. கைகொடுத்தவர்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் கண் கலங்கிப் பேசினார். 1950இல் மிச்சோவகான் மாநிலத்துப் பராக்குவாரோவில் பத்துப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். இயற்பெயர் அல்பெர்த்தோ அகிலேரா. அப்பா மனநல மருத்துவமனையில். வீட்டு வேலைக்குப் போன அம்மா எல்லை நகரமான சியுதாத் ஹுவாரெஸில் ஐந்து வயதுப் பையனை விடுதியில் விட்டார். எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஐயா, அந்த விடுதியில் அவர் ஒருவர் மட்டுமா இருந்தார்? அத்தனை பிள்ளைகளுக்கும் அதே சுவர்தானே! துயரம்தான் பாட்டைத் தருமென்றால் அங்கிருந்து ஒரு இசைக்குழுவே கிளம்பியிருக்க வேண்டாமா?

அவருக்குக் கிடைத்தது ஒரு ஆசிரியர். பெயர் ஹுவான் கொந்த்ரேராஸ். தகரத்தை வெட்டி வளைத்துப் பொருள் செய்யக் கற்றுக்கொடுத்தவர், இசையையும் சொல்லிக்கொடுத்தார். பதின்மூன்று வயதில் பையன் விடுதியிலிருந்து ஓடிப்போனான். எங்கே போனான் தெரியுமா? நேராக அந்த ஆசிரியர் வீட்டுக்கு! அவரோடு தங்கி, தகரத்திலும் மரத்திலும் செய்த கைவினைப் பொருட்களைத் தெருவில் விற்றான். பின்னாளில் மேடைப் பெயர் வைத்தபோது ஆசிரியரின் ஹுவானையும் அப்பாவின் காப்ரியேலையும் சேர்த்து வைத்துக்கொண்டார். தன்னை உருவாக்கியது யார் என்று அவரே சொல்லிவிட்டார். நாம்தான் இங்கே மைக் வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, சிறைக்கு வருவோம். ஹுவாரெஸின் நோவா நோவா மதுக்கூடத்தில் பாடிவிட்டு, வாய்ப்புத் தேடித் தலைநகரம் போனவர் மேல் திருட்டுப் பழி விழுந்தது. லெக்கும்பெர்ரி சிறையில் ஒன்றரை ஆண்டு. அந்தக் கம்பிகளா அவரைப் பாடகராக்கின? லா பிரியெத்தா லிந்தா என்ற பெயரில் புகழ்பெற்றிருந்த பாடகி என்ரிகேத்தா ஹிமெனெஸ், அவர் வெளியே வர உதவினார். இசைத்தட்டு நிறுவனத்துக்கும் அறிமுகப்படுத்தினார். 1971இல் ஒப்பந்தம். முதல் வெற்றிப் பாட்டு எது? 'என்னிடம் பணமில்லை, கொடுக்க அன்புதான் இருக்கிறது' என்று துள்ளிக்கொண்டு பாடுகிற பாட்டு! ஜெயிலிலிருந்து வந்தவன் ஆட வைக்கிறான், எதிரணி அழச் சொல்கிறது.

அம்மாவின் மறைவு பற்றிக் கேட்பீர்கள். 1974இல் அவர் இறந்தார். அந்த நினைவோடு சேர்த்துச் சொல்லப்படும் 'அமோர் எதெர்னோ' (நிரந்தர அன்பு) என்ற பாட்டு இன்றும் மெக்சிகோவில் இறுதிச் சடங்குகளில் ஒலிக்கிறது. அங்கே துயரம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது யார் குரல்? ஸ்பெயின் பாடகி ரோசியோ துர்க்கால். ஹுவான் காப்ரியேல் எழுத, இவர் பாட, மெக்சிகோவின் மரபு இசையான மரியாச்சி கடல் கடந்தது.

அவ்வளவு ஏன், 1990இல் தலைநகரின் நுண்கலை மாளிகையில் பாடினாரே! சினிமா, ரேடியோ பாட்டுக்காரனுக்கு அந்த மேடையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அன்று தேசிய சிம்பொனி இசைக்குழு அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தது. 2016இல் அவர் மறைந்தபோது அதே மாளிகையில்தான் அஸ்தியை வைத்தார்கள். மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

கடைசியாக எதிரணிக்கு ஒரு கேள்வி. துயரம்தான் கலைஞனை உருவாக்குகிறது என்று அவர் நம்பியிருந்தால், கையில் காசு வந்ததும் ஹுவாரெஸ் பிள்ளைகளை அப்படியே விட்டிருப்பார். அவரோ 1987இல் அதே ஊரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு செம்ஹாசே என்றொரு இல்லம் தொடங்கி, அங்கே இசையும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஏன் செய்தார்? அடுத்துப் பேச வருபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகட்டும், நடுவர் அவர்களே.