ஒசாகா சொன்ன 'வேண்டாம்' சரிதான்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம். 'ஒசாகா மாநகராட்சியைக் கலைக்க மறுத்த மக்களின் முடிவு சரியா, தவறா?' ஜப்பானில் ஒசாகா மாநகராட்சியைக் கலைத்துவிட்டு, தனித்தனி உள்ளாட்சிகளாக இயங்கும் 'தனி வார்டு'களாகப் பிரித்து, பெரிய பொறுப்புகளை மேலே இருக்கும் ஒசாகா மாகாண அரசிடம் கொடுப்பது என்ற திட்டத்துக்கு, 2015, 2020 என இரண்டு வாக்கெடுப்பிலும் மக்கள் 'வேண்டாம்' என்றார்கள். அது சரிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், மாநகராட்சியும் மாகாண அரசும் போட்டிபோட்டுக் கட்டிய இரண்டு கோபுரங்களைக் காட்டிக் கைதட்டல் வாங்கிப் போனார். மாநகராட்சி முன்னின்று கட்டியது 256 மீட்டர். மாகாண அரசு முன்னின்று கட்டியது 256.1 மீட்டர். பத்து சென்டிமீட்டர் கௌரவம்! கடைசியில் இரண்டும் கடனில் மூழ்கின. சரி, வெட்கக்கேடுதான். ஆனால் அந்த இரண்டாவது கோபுரம் எங்கே நிற்கிறது தெரியுமா நடுவர் அவர்களே? இசுமிசானோவில்! ஒசாகா மாநகர எல்லைக்குள்ளேயே இல்லை. மாநகராட்சியைக் கலைத்திருந்தால் மாகாணத்தின் ஆசை அடங்கியிருக்குமா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறார் நண்பர்.

மாநகராட்சியைக் கலைத்துத் தனி வார்டுகளாக இயங்கும் டோக்கியோவைப் பார் என்றார். பார்ப்போம். அங்கே மாநகராட்சியைக் கலைத்தது 1943இல், போர்க்காலத்தில். மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி அல்ல. அப்புறம் 1947 மார்ச்சில் 35 வார்டுகளை 22 ஆக ஒட்டவைத்தார்கள். ஆகஸ்டிலேயே இத்தாபாஷியிலிருந்து நெரிமா பிய்த்துக்கொண்டு போய் 23 ஆனது. 1952இல் வார்டுத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கும் உரிமையும் பறிபோய், 1975இல்தான் திரும்பி வந்தது. சட்டப்படி அடிப்படை உள்ளாட்சி என்ற தகுதி கிடைக்க 2000 வரை காத்திருந்தார்கள். இன்றும் நிலவரி, கட்டட வரியை வாங்குவது மேலே இருக்கும் டோக்கியோ அரசு. வார்டுகளுக்கு வருவது அதில் ஒரு பங்கு. இதையா ஒசாகாக்காரன் கேட்டு வாங்க வேண்டும்? 1925இல் 44 ஊர்களைச் சேர்த்துக்கொண்டு, மக்கள்தொகையில் டோக்கியோவையே முந்திய நகரம் அது!

கலைக்காவிட்டால், மாநகராட்சியும் மாகாணமும் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்யும் இரட்டை நிர்வாகம் ஒழியவே ஒழியாது என்றும் பயமுறுத்தினார். இரண்டாவது வாக்கெடுப்பிலும் தோற்ற பிறகு என்ன நடந்தது? மாநகராட்சிப் பல்கலைக்கழகமும் மாகாணப் பல்கலைக்கழகமும் 2022இல் ஒன்றாகின. மாநகராட்சி அப்படியேதான் இருந்தது. உட்கார்ந்து பேசினால் முடிகிற வேலைக்கு, கலைப்பு எதற்கு?

மணியில் கை வைத்துவிட்டீர்கள், ஒரே ஒரு விஷயம். 2015இல் முதல் வாக்குச்சீட்டுத் தலைப்பில் 'தனி வார்டுகள் அமைப்பது' என்றுதான் இருந்தது; கலைப்பு என்ற சொல்லே இல்லை. அப்போதே 10,741 வாக்கில் தோற்றது. 2020இல் 'ஒசாகா மாநகராட்சியை ஒழித்து' என்று வெளிப்படையாக அச்சடித்தார்கள். வித்தியாசம் 17,167 ஆனது. என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துதான் மக்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.