டின்னுக்குத் தகர விலையா?

வணக்கம் மக்களே. கேமரா ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோத்தகிரியில் இன்றைக்கு அப்படி ஒரு குளிர். டீ கூடக் குடிக்காமல் வீடியோ எடுக்கிறேன் என்றால் எவ்வளவு கடுப்பில் இருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

கோடநாடு வீடியோவில் ஒரு அக்கா சாக்கோடு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? சுற்றுலா வண்டிகள் போன பிறகு ரோட்டோரம் கிடக்கிற கூல்டிரிங்ஸ் டின்களைப் பொறுக்குகிறவர். அவருடைய மூட்டையை ஸ்கூட்டரில் வைத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். நாலு கிலோ. கடைக்காரர் சாக்கைப் பிரிக்கவே இல்லை. "தகரம், கிலோ 25, நூறு ரூபாய்" என்றார். அக்காவும் கையை நீட்டிவிட்டார்! இத்தனை நாளும் அந்த விலைக்குத்தான் போட்டிருக்கிறார்.

அலுமினியம் அண்ணே என்றேன். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார். இப்படிச் சொல்லி வியாபாரம் செய்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பழைய ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தம் என் சாவிக்கொத்தில் தொங்குமே, அதைக் கிண்டல் செய்தவர்கள் எல்லாம் வரிசையில் வாருங்கள். காந்தத்தில் தகரம் ஒட்டும், அலுமினியம் ஒட்டாது. நசுங்கிய டின்களைக் கல்லா மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகக் காந்தத்தை வைத்துக் காட்டினேன். ஒட்டவில்லை. ஒட்டவில்லை. ஒட்டவில்லை. அப்புறம் ஒன்று டப்பென்று ஒட்டியது. கடைக்காரர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பார்த்தால் கெட்டிப்பால் டப்பா! அது தகரம்தான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஓரமாக வைத்தேன்.

கடைசியில் கிலோ 95க்கு வந்தார். அந்த டப்பா, ஈரம், மண் என்று அரைக் கிலோ கழித்தார். சரி, அது நியாயம். மழையில் கிடந்த டின்னுக்குள் தண்ணீர் நிற்கும். மூன்றரைக் கிலோவுக்கு 332 ரூபாய் 50 காசு. ஐம்பது காசு இல்லை என்றார். நான் நகரவில்லை. 333 கொடுத்தார்!

சொல்ல மறந்துவிட்டேன், அக்கா நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்புவார். கரடி பயம். காலி டின் ஒன்று 14 கிராம் இருக்கும். கிலோவுக்கு எழுபது தடவை குனிய வேண்டும், டின்னுக்கு ஒரு ரூபாய் சொச்சம். 2022-லிருந்து நம் மாவட்டத்தில் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய், அதனால் பாட்டிலைக் கண்டால் ஓடிப்போய் எடுப்பார். கூல்டிரிங்ஸ் டின்னுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

இத்தனைக்கும் பாக்சைட் என்கிற தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கக் கரண்ட் தண்ணீராகச் செலவாகும். பழைய டின் 660 டிகிரியில் உருகிவிடும். புதிதாக எடுப்பதற்கு ஆகிற சக்தியில் இருபதில் ஒரு பங்கு போதும். மலை இறங்கி மேட்டுப்பாளையம், கோவை என்று கைமாறக் கைமாற விலை ஏறும், குனிந்து எடுத்தவருக்கு மட்டும் தகரக் கணக்கா?

காந்தத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். சாவிக்கொத்து இப்போது மொட்டை.

மலைக்கு வருகிறவர்களே, குடித்த டின்னுக்குள் சிகரெட் துண்டையும் டிஷ்யூவையும் திணிக்காதீர்கள். அக்கா குச்சி விட்டு ஒவ்வொன்றாக எடுக்கிறார். எடுக்காவிட்டால் கடையில் அதற்கும் கழிப்பு. குன்னூர், ஊட்டிப் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் ஊரில் டின் கிலோ என்ன விலை போகிறது என்று கீழே எழுதுங்கள். நூறுக்கு மேல் என்றால் அடுத்த மூட்டை அங்கேதான்.