அடிக்கும் பட்டன் எங்கே?

வணக்கம் நேயர்களே. போன வெள்ளிக்கிழமை ராத்திரி, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் ஒரு பழைய கேமைத் திறந்தேன். பெயர் ஈஸ். ஆங்கிலத்தில் ஒய், எஸ் என்று இரண்டே எழுத்து, நான் பல வருடமாக 'ஒய்ஸ்' என்றே சொல்லிக்கொண்டு திரிந்தவன். பிரான்சின் பிரிட்டனி பகுதிக் கதைகளில் கடலில் மூழ்கிப்போன ஒரு நகரத்தின் பெயராம் அது. ஜப்பானின் ஃபால்காம் நிறுவனம் 1987இல் பிசி-8801 கணினிக்காகச் செய்த கேம் இது. நான் ஆடுவது, 2013இல் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடைக்கு வந்த புதுப்பித்த பதிப்பு. படமெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் ஆட்டம் அதே பழைய ஆட்டம்தான்.

அடோல் என்று ஒரு செம்பட்டை முடிக்காரப் பையன். மினியா என்ற ஊரில் அவனுக்கு ஒரு கத்தி வாங்கிக் கொடுத்தேன். வாங்கினால் மட்டும் போதாது, மெனுவுக்குள் போய் அதைக் கையில் எடுத்துக் கொடுக்கவும் வேண்டும், அதை மறந்துவிட்டு வெளியே போய் ஒருமுறை செத்தேன். சரி, இரண்டாவது தடவை ஒழுங்காகப் போனால், எதிரி எதிரே வருகிறான், நான் கீபோர்டில் ஒவ்வொரு பட்டனாகத் தட்டுகிறேன், பையன் கத்தியை வீசவே மாட்டேன் என்கிறான்.

அடிப்பதற்குப் பட்டனே கிடையாது. ஓடிப்போய் ஆட்டுக்கடா மாதிரி முட்ட வேண்டும்.

அதிலும் நேருக்கு நேர் முட்டினால் உங்களுக்கும் அடி விழும். அரை ஆள் அளவு விலகி, எதிரியின் தோளை உரசிக்கொண்டு போகிற மாதிரி மோத வேண்டும், அப்போது அடி அவனுக்கு மட்டும். முதல் பத்து நிமிடம் எனக்கு எரிச்சல்தான், இது என்னடா கேம் என்று. அப்புறம் விரல் பழகியதும், நாலைந்து பேரை நிற்காமல் வரிசையாக உரசிச் சாய்த்துக்கொண்டு வயல்வெளியில் ஓடும்போது, பட்டனைத் தட்டித் தட்டிச் சண்டை போடும் கேம்களில் இல்லாத ஒரு வேகம் இதில் இருக்கிறது. எங்கே நிற்கிறோம் என்பதுதான் இங்கே ஆயுதம். ஹெல்த் குறைந்துவிட்டதா, திறந்தவெளியில் சும்மா அசையாமல் நில்லுங்கள், தானாக ஏறும். அந்த நேரத்தில் நான் டீ குடித்தேன்.

அடோலின் பலம் மொத்தமே பத்து லெவல்தான் ஏறும் என்பதால் ஒவ்வொரு லெவலும் கனமானது. கோயிலுக்குள் இருக்கும் முதல் பாஸ், அதாவது முதல் பெரிய எதிரி, நெருப்பை எறிந்துகொண்டே இருக்கிறான், ஆறு தடவை அவனிடம் செத்தேன். வெளியே போய் ஒரு லெவல் ஏறி, நல்ல கேடயம் ஒன்று வாங்கி வந்ததும் அதே ஆள் சீக்கிரமே சாய்ந்தான். என் திறமை ஒன்றும் கூடவில்லை, கணக்குதான் மாறியது. இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அடுத்து எங்கே போக வேண்டும் என்றும் கேம் சொல்லாது, ஊரில் ஒருவர் விடாமல் பேச்சுக் கொடுத்துத் துருவ வேண்டும்.

இசையைச் சொல்லாமல் விட முடியாது. முக்கியமாக இசையமைத்த யூஸோ கோஷிரோவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்தக் கணினியின் ஒலிச் சிப்பில் ஒரே நேரத்தில் ஆறே குரல்கள்தான் ஒலிக்கும், எஃப்.எம். என்ற மின்னணு ஒலி முறையில் மூன்று, சாதாரண பீப் சத்தத்தில் மூன்று. அதை வைத்துக்கொண்டு அப்படி ஒரு ராக் இசை! இந்தப் பதிப்பில் மூன்று விதமான பின்னணி இசையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நிஜ கிடார் வாசித்த புதியதில்தான் தொடங்கினேன், சனிக்கிழமை மதியமே 1987இன் கரகரப்புக்கு மாறிவிட்டேன், முட்டி மோதுகிற சத்தத்தோடு அதுதான் ஒட்டுகிறது.

இப்போது கேமில் வரும் டார்ம் என்ற கோபுரத்தின் வாசலில் நிற்கிறேன். இருபத்தைந்து மாடி. ஏறிவிட்டால் திரும்பி வெளியே வர முடியாதாம், அதனால் கடைக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று பார்க்கிறேன். வணக்கம்.