காக்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தொடக்கவுரை ஆற்றிய நீதியரசர் அவர்களே, அலுவல்களுக்கு இடையிலும் வருகை தந்துள்ள துறைத்தலைவர் அம்மையார் அவர்களே, உளவியல் பயிலும் மாணவ மணிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். சட்டத்தின் நுட்பங்களை எளிமையாக விளக்கி, நீதியரசர் அவர்கள் என் சுமையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள்.

உளவியலாளர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளான இரகசியம் காத்தல், தகுதியின் எல்லைக்குள் பணியாற்றுதல், சிகிச்சை பெறுவோரிடம் வேறு உறவு கொள்ளாமை ஆகிய மூன்றில், முதலாவதைப் பற்றி மட்டும் இன்று பேச எண்ணுகிறேன். "பகலில் பக்கம் பார்த்துப் பேசு; இரவில் அதுவும் பேசாதே" என்பது நான் வகுப்புதோறும் சொல்லும் பழமொழி. பெயரை மறைத்துவிட்டோம் என்ற துணிவில் ஒருவரின் கதையை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் நெறிமீறலே.

ஆனால், 1969-இல் கலிஃபோர்னியாவில் நடந்ததைக் கேளுங்கள். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் ஒருவர், தாம் விரும்பிய தத்தியானா தாரசாஃப் என்ற பெண்ணைக் கொல்லப்போவதாகத் தம் உளவியலாளரிடம் கூறினார். அந்த உளவியலாளர் வாளாவிருக்கவில்லை, வளாகக் காவலர்களுக்கு வாய்மொழியாகவும் கடிதம் மூலமும் தெரிவித்தார். காவலர்கள் அம்மாணவரைப் பிடித்து விசாரித்தார்கள். தெளிவாகப் பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். உளவியலாளர் பணியாற்றிய மருத்துவமனையின் மேலதிகாரியோ, அக்கடிதத்தைத் திரும்பப் பெறவும் குறிப்புகளை அழிக்கவும் பணித்தார். அந்தப் பெண்ணுக்கோ பெற்றோருக்கோ எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அக்டோபர் 27 அன்று அவள் கொல்லப்பட்டாள். பெற்றோர் தொடுத்த வழக்கில், ஆபத்துக்குள்ளானவரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என 1976-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பக்கம் பார்த்துப் பேசச் சொன்ன பழமொழிக்கும் எல்லை உண்டு என்பதை அத்தீர்ப்பு காட்டியது. அந்த எல்லை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆகவேதான், முதல் சந்திப்பில், மனம் திறக்கும் முன்பே, எந்தெந்தச் சூழலில் இரகசியத்தை உடைக்க நேரிடும் என்பதை எதிரே அமர்ந்திருப்பவருக்கு அவர் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று நான் ஓயாமல் வலியுறுத்தி வருகிறேன். உயிராபத்து, குழந்தைகள் மீதான கொடுமை, நீதிமன்ற ஆணை ஆகியவற்றைப் பெயர் சொல்லி விளக்க வேண்டும். பொடி எழுத்துப் படிவத்தில் வாங்கும் கையொப்பம் ஒப்புதல் ஆகாது. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகு விதியைச் சொன்னால், அவர் ஏமாற்றப்பட்டவராகவே உணர்வார்.

ஏனைய இரண்டும் தனித்தனிச் சொற்பொழிவுக்கு உரியவை. தலைவர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம் மட்டும் வைக்கிறேன்: இந்த முதல் உரையாடலை மாணவர்கள் பேசிப் பழகித் தேர்ச்சி பெற்ற பின்னரே அவர்களைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.