எல்லையை நடந்து பார்ப்பவர்கள்

வணக்கம் நண்பர்களே. கேமராவை முதலில் இந்த மரத்தின் பக்கம் திருப்புகிறேன். ஆள் உயரத்தில் ஒரு சின்னப் பலகை மாட்டியிருக்கிறது, பார்த்தீர்களா? ஒரு நில அறக்கட்டளையின், அதாவது நிலத்தைக் கட்டடங்களுக்குப் போகவிடாமல் காக்கும் தனியார் அமைப்பின் பெயர், பாதுகாக்கப்பட்ட நிலம் என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஆணியை முழுவதும் அடித்து இறக்காமல் கொஞ்சம் வெளியே விட்டிருக்கிறார்கள். மரம் பருக்கப் பருக்கப் பட்டை பலகையைத் தள்ளிக்கொண்டு வரும், அதற்கு இடம் வேண்டும். சில ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் வந்து அந்த ஆணியை மறுபடி சரிசெய்வார். அந்த ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு நிலம் காப்பாற்றப்பட்டது என்று செய்தி வரும்போது பத்திரத்தில் கையெழுத்திடும் படம் கூடவே வரும். நன்கொடையாளர் சிரிப்பார், தலைவர் கைகுலுக்குவார். அந்தப் படத்தில் இல்லாதவர்கள் செய்கிற வேலைதான் நிலத்தை நிலமாக வைத்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சார்லஸ் எலியட் என்று ஒரு இளம் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் இருந்தார். பாஸ்டன் நகரைச் சுற்றி அழகான இடங்கள் ஒவ்வொன்றாகக் கட்டடங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். 1890இல் அவர் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நூலகம் புத்தகங்களை வைத்திருக்கிறது, அருங்காட்சியகம் ஓவியங்களை வைத்திருக்கிறது, அதே போல மக்களுக்காக நிலத்தை வைத்திருக்கும் ஒரு சங்கம் ஏன் இருக்கக் கூடாது என்பது அவருடைய கேள்வி. மறு ஆண்டே, 1891இல், மாநிலச் சட்டமன்றம் அப்படி ஒரு அமைப்பைச் சட்டம் இயற்றி உருவாக்கியது. பிராந்திய அளவில் நிலம் காக்கும் தனியார் அறக்கட்டளைகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது. எலியட் 1897இல் இறந்தபோது அவருக்கு வயது 37. அவர் தொடங்கிய அமைப்பு இன்றும் நடக்கிறது.

அங்கே நடந்ததை இங்கிலாந்தும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய மூவரும் சேர்ந்து 1895இல் நேஷனல் டிரஸ்ட்டை நிறுவினார்கள். ஒருவர் ஏழைகளின் வீடுகளுக்காக உழைத்தவர், ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் பாதிரியார். அந்த அமைப்புக்கு முதலில் வந்த நிலம் வேல்ஸ் கடற்கரையில் பார்மவுத் ஊருக்கு மேலே இருக்கும் டினாஸ் ஒலெய் என்ற சிறிய குன்றுச்சரிவு. ஃபேனி டால்பட் என்ற பெண்மணி அதைத் தானமாகக் கொடுத்தார். மாசசூசெட்ஸ் அமைப்புக்கு முதலில் ஒரு காட்டைக் கொடுத்தவர் பெயரும் ஃபேனிதான்: ஃபேனி டியூடர். மறைந்துபோன மகள் வர்ஜீனியாவின் நினைவாகக் கொடுத்தார், அந்தக் காட்டுக்கு அவள் பெயரையே வைத்தார்கள். கடலுக்கு இரு பக்கமும் ஃபேனி என்று பெயர் கொண்ட இரண்டு பெண்கள் இந்த வேலையைத் தொடங்கி வைத்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

என் மனத்துக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் பெட்ஃபோர்டு அருகே மயானஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு. கோடரி படாத பழைய ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள் நிற்கும் இடம். 1950களில் அது கைமாறிவிடும் என்ற நிலை வந்தது. அக்கம்பக்கத்தில் வசித்தவர்கள் ஒரு குழுவாகக் கூடினார்கள். குழுவை முன்னின்று நடத்தியவர் குளோரியா ஹாலிஸ்டர் அனபிள்.

இந்தப் பெயரைக் கேட்டவுடன் கடலியல் படித்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1930களில் பெர்முடா கடலில் வில்லியம் பீப் என்ற ஆய்வாளர் இரும்புக் கோளத்துக்குள் உட்கார்ந்து ஆழ்கடலில் இறங்கினார். 1934இல் 923 மீட்டர் வரை போனார். அவர் உள்ளேயிருந்து பார்த்ததைத் தொலைபேசிக் கம்பி வழியாகச் சொல்லச் சொல்ல, மேலே கப்பல் தளத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியவர் இந்த ஹாலிஸ்டர். மனிதக் கண் அதுவரை பார்த்திராத உயிர்களைப் பற்றி முதலில் கேட்ட காது அவருடையது. அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் தன் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு பள்ளத்தாக்குக்காகப் பணம் திரட்ட இறங்கினார். பணம் போதவில்லை. குழுவினர் தங்கள் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை ஈடாக வைத்தார்கள்! நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு 7,500 டாலர் கொடுத்தது, அதைத் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டிய பணம் வேறொரு நிலத்தைக் காக்கப் போகும் என்ற நிபந்தனையோடு. 1955இல் 60 ஏக்கர் வாங்கப்பட்டது. இன்று உலகம் முழுவதும் அறியப்படும் அந்தப் பெரிய அமைப்பின் முதல் நிலம் அதுதான்.

பொதுவாகக் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் அதன் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். மான்கள் பெருகி மரக்கன்றுகளை மேய்ந்துவிடுகின்றன. வெளியிலிருந்து வந்த களைச்செடிகள் பரவுகின்றன. ஹெம்லாக் மரங்களின் சாற்றை உறிஞ்சிக் கொல்லும் ஒரு பூச்சி, கம்பளி ஒட்டியதுபோல வெள்ளையாக ஊசியிலைகளின் அடியில் இருக்கும், ஆசியாவிலிருந்து வந்தது, கிழக்கு அமெரிக்கா முழுவதும் அந்த மரங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. காப்பீட்டுப் பத்திரத்தை ஈடுவைத்து வாங்கிய காட்டை இதிலிருந்தெல்லாம் பத்திரம் காப்பாற்றாது. காட்டுக்குள் ஆள் போக வேண்டும், குனிந்து பார்க்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும்.

இப்போது அந்த ஆளிடம் வருகிறேன். அமெரிக்காவில் நில அறக்கட்டளை எல்லா நிலத்தையும் விலைக்கு வாங்குவதில்லை. பல நேரம் நிலம் உரிமையாளரிடமே இருக்கும். அவர் உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மனை பிரித்து வீடுகள் கட்டும் உரிமையை மட்டும் பத்திரம் எழுதி அறக்கட்டளையிடம் விட்டுக்கொடுத்துவிடுகிறார். தானமாகவும் கொடுக்கலாம், விலைக்கும் கொடுக்கலாம். தானமாகக் கொடுத்தால் வருமான வரியில் சலுகை உண்டு. அந்தப் பத்திரத்துக்குக் காலக்கெடு கிடையாது. நிலம் பத்துக் கை மாறினாலும் அது கூடவே போகும், வில்லங்கம் பார்க்கிறவர் கண்ணில் படும்.

பத்திரம் பதிவாகும் நேரத்தில் நிலம் எப்படி இருந்தது என்று ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும். எங்கே வேலி, எங்கே களஞ்சியம், ஓடை எந்தப் பக்கம் வளைகிறது, எந்த இடத்தில் நின்று எந்தத் திசையில் எடுத்த புகைப்படம் என்பது வரை அதில் இருக்கும். உரிமையாளரும் அறக்கட்டளையும் இருவரும் கையெழுத்திட வேண்டும். பிறகு ஆண்டுதோறும் ஒருவர் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வருவார். உண்ணி கடிக்கும், முள் கிழிக்கும், சதுப்பில் கால் புதையும். அதே இடத்தில் நின்று அதே திசையில் மறுபடி படம் எடுப்பார். பெரும்பாலான ஆண்டுகளில் எழுத வேண்டியது ஒன்றுதான்: மாற்றம் எதுவும் இல்லை.

அந்த ஒற்றை வரிக்கு இருக்கும் மதிப்பு வழக்கு வரும்போது தெரியும். பத்திரம் எழுதிக் கொடுத்தவர் தன் நிலத்தை நேசித்துத்தான் எழுதிக் கொடுத்தார், அவரோடு தகராறு வருவது குறைவு. அவருக்குப் பின்னால் வாங்கியவர் பத்திரத்தைச் சரியாகப் படித்திருக்க மாட்டார். ஓடையோரம் மரங்களை வெட்டிவிட்டு, இது முன்பே வெட்டவெளிதான் என்பார். அப்போது நீதிமன்றத்தில் பேசப்போவது ஆண்டாண்டாக எடுத்த படங்களும் அந்த ஒற்றை வரியும்தான். இப்படிப்பட்ட வழக்குச் செலவைத் தாங்குவதற்கென்றே நில அறக்கட்டளைகள் ஒன்றுசேர்ந்து 2013இல் தங்களுக்குச் சொந்தமான ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கின. சின்ன அமைப்பு ஒன்று பணக்கார உரிமையாளர் ஒருவரிடம் வழக்காட முடியாமல் பின்வாங்கிவிட்டால், பக்கத்து மாவட்டத்திலும் பத்திரங்கள் வெற்றுக் காகிதமாகிவிடும் என்ற நியாயமான பயம்.

எல்லை நடப்பவருக்கு வழக்கைவிட முக்கியமான இன்னொரு வேலையும் இருக்கிறது. புது உரிமையாளர் வந்த உடனே போய்க் கதவைத் தட்டுவது. வணக்கம் சொல்லி, வரைபடத்தை விரித்து, எது செய்யலாம் எது கூடாது என்று ஆற அமரப் பேசுவது. இப்படிப் பேசத் தெரிந்த ஒரு பணியாளர் நல்ல வழக்கறிஞர் ஒருவருக்குச் சமம் என்று நான் நம்புகிறேன். பல அமைப்புகளில் இதையெல்லாம் செய்ய சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர்கூட இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், கணக்காளர், பறவை பார்ப்பவர் என்று தன்னார்வலர்களே எல்லாவற்றையும் சுமக்கிறார்கள். 2020ஆம் ஆண்டை வைத்து எடுத்த கணக்கில், அமெரிக்க நில அறக்கட்டளைகள் எல்லாமாகச் சேர்ந்து காத்துவரும் நிலம் 6 கோடி ஏக்கருக்கும் மேல். இதை நடந்து பார்க்கும் கால்களை நினைத்துப் பாருங்கள்.

இதில் கறைகளும் உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வரிச் சலுகையைக் குறிவைத்து, நிலத்தின் மதிப்பைப் பல மடங்கு ஊதிக்காட்டி, அந்தச் சலுகையை முதலீட்டாளர்களுக்குப் பங்குபோட்டு விற்றவர்கள் இருந்தார்கள். 2022இன் இறுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றி அதற்குக் கடிவாளம் போட்டது. ஆண்டுக்கு ஒருமுறை நிலத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று விதி வகுத்து, 2006இல் உருவான ஒரு தனி ஆணையத்தின் சோதனைக்கும் தங்களை உட்படுத்திக்கொண்ட அமைப்புகளுக்கு அந்தப் பேராசைக்காரர்கள் இழைத்த அநியாயம் பெரியது.

அதைவிட ஆழமான கேள்வி: யாருடைய நிலத்தை யார் காக்கிறார்கள்? கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பூர்வகுடிப் பெண்கள் நடத்தும் சோகோரியா தே என்ற நில அறக்கட்டளை இருக்கிறது. கொரினா கோல்டும் ஜானெல்லா லரோஸும் சேர்ந்து தொடங்கியது. 2022இல் ஓக்லண்ட் நகர மன்றம் ஒரு பூங்காவில் சுமார் 5 ஏக்கரை அவர்களுடைய பொறுப்பில் விட ஒப்புதல் கொடுத்தது. அதற்குப் பயன்பட்ட சட்டக் கருவியும் நான் முன்பு சொன்ன அதே வகைப் பத்திரம்தான். நிலத்தில் வீடுகள் கட்டக் கூடாது என்று எழுதப் பயன்பட்ட ஒன்று, அங்கே அந்த மக்கள் திரும்பி வந்து சடங்கு செய்யவும் செடி வளர்க்கவும் வழிசெய்தது. இந்தத் துறையில் அண்மையில் நடந்தவற்றில் என்னை மிகவும் மகிழ்வித்தது இதுதான்.

உங்கள் பகுதியில் இப்படி ஓர் அமைப்பு இருந்து நன்கொடை கேட்டு வந்தால், எத்தனை ஏக்கர் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். போன ஆண்டு எல்லா நிலத்தையும் நடந்து பார்த்தீர்களா, பார்த்தவர் யார், அவருக்குப் பிறகு யார், பராமரிப்புக்கென்று தனி நிதி இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல அமைப்பு இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது, அறிக்கையையே எடுத்துக் காட்டும். நேரம் இருப்பவர்கள் எல்லை நடக்கும் தன்னார்வலராகச் சேரலாம். வரைபடம் படிக்கவும் திசைகாட்டியைப் பிடிக்கவும் அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். கணுக்காலை மூடும் காலணி அவசியம், வெளிர் நிறத்தில் முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டால் உண்ணி ஏறுவது கண்ணில் படும். அடுத்த காணொளியில் அந்த ஆண்டறிக்கையை எப்படி எழுதுகிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் பார்ப்போம். நன்றி.