ஸ்டீல் பல்ஸ்: மூன்று ஆல்பங்களில் எது சிறந்தது?

[திரையில்: மூன்று ஆல்பங்களின் உறைகள்]

வணக்கம். ஸ்டீல் பல்ஸ், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்து வாழும் பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் 1975இல் உருவான, ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையை வாசிக்கும் குழு. 1987இல் கிராமி விருது வென்ற ‘பேபிலோன் த பேண்டிட்’ இக்குழுவின் உச்சம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. 1978, 1979, 1982ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மூன்று ஆல்பங்களுக்கு இடையில்தான் உண்மையான போட்டி. மூன்றையும் தயாரித்தவர் கார்ல் பிட்டர்சன் என்பதால், அவற்றுக்கிடையே நாம் கேட்கும் மாற்றம் பெரும்பாலும் குழுவின் சொந்த வளர்ச்சியே.

[திரையில்: ‘ஹேண்ட்ஸ்வொர்த் ரெவல்யூஷன்’, 1978]

நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி பிரிட்டனின் தெருக்களில் ஊர்வலம் சென்றுகொண்டிருந்த காலத்தில், அதற்கு எதிராக எழுந்த ‘ராக் அகைன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கத்தின் மேடைகளில் பாடிய இளைஞர்களின் முதல் ஆல்பம் இது. அமெரிக்க வெள்ளை இனவெறி அமைப்பின் பெயரைத் தாங்கிய ‘கு கிளக்ஸ் கிளான்’ பாடலை அவர்கள் அந்த அமைப்பினரைப் போலவே வெள்ளை முகமூடி அணிந்து மேடையில் பாடினார்கள். பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 9ஆம் இடம் வரை ஏறிய இந்த ஆல்பத்தில், பேஸ் கிட்டாரின் கனத்துக்கு மேல் பல குரல்கள் இணைந்து எழும் விதம் இன்றும் சிலிர்க்க வைக்கிறது.

[திரையில்: ‘ட்ரிப்யூட் டு த மார்ட்டர்ஸ்’, 1979]

இரண்டாவது ஆல்பம் ஹேண்ட்ஸ்வொர்த்தைத் தாண்டி, தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் பிடியில் 1977இல் உயிரிழந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிக்கோவுக்காகவும், அமெரிக்கச் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பினப் போராளி ஜார்ஜ் ஜாக்சனுக்காகவும் பாடுகிறது. நோக்கம் உயர்ந்தது, ஆனால் மெட்டுகள் முதல் ஆல்பத்தின் அளவுக்கு நினைவில் தங்குவதில்லை.

[திரையில்: ‘ட்ரூ டெமாக்ரசி’, 1982]

டென்மார்க்கில் பதிவான இந்த ஆல்பத்துக்கே நான் முதலிடம் தருவேன். வீட்டு நடன விருந்துக்குள் போலீஸ் புகுவதைச் சொல்லும் ‘பிளூஸ் டான்ஸ் ரெய்டு’, ஜமைக்காவின் கறுப்பினத் தலைவர் மார்க்கஸ் கார்வியைப் போற்றும் ‘வொர்த் ஹிஸ் வெயிட் இன் கோல்ட்’, ஆடுவதற்கென்றே அமைந்த ‘ராவர்ஸ்’ மூன்றும் ஒரே ஆல்பத்தில் முரணின்றிப் பொருந்துகின்றன. பாடகரும் பாடலாசிரியருமான டேவிட் ஹைண்ட்ஸ் கோபத்தைக் கைவிடாமலேயே, அதை எவரும் சேர்ந்து பாடக்கூடிய பல்லவிகளாக்கக் கற்றிருக்கிறார்.

ஓரிடத்தில் மட்டும் முதல் ஆல்பம் இதைவிட மேலானது: குழுவின் கிட்டார் கலைஞர் பேசில் கேபிடனின் வாசிப்பு அங்கே பெற்றிருந்த விரிந்த இடத்தை இதன் செறிவான பாடல்கள் தருவதில்லை.