நாக்கடியில் மாத்திரை, பக்கத்தில் ஓர் ஆள்

அன்பு நேயர்களே, வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட வேலை முடித்து வந்து, குளித்துவிட்டு ரேடியோ பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள். அடுப்பங்கரையில் நின்றபடி கேட்பவர்களும் இருப்பீர்கள். இன்று கெட்டமின் என்ற மருந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். மனச்சோர்வுக்காக மருத்துவர் மேற்பார்வையில் இதை வீட்டிலேயே எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் பரவியிருக்கிறது. கைப்பேசியில் விளம்பரம் பார்த்துவிட்டு, "இங்கேயும் தபாலில் வருமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வரவழைக்காதீர்கள். நம் மலேசியாவில் கெட்டமின் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. சட்டவிரோதமாகக் கையில் வைத்திருந்தாலே வழக்குதான். அயல்நாட்டில் இருக்கும் பிள்ளை அன்போடு அனுப்பினாலும் அதே கதைதான். ஆனாலும் இந்த வைத்தியம் எப்படி நடக்கிறது, எங்கே தவறுகிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே வாழும் நம் பிள்ளைகள் சிலர் இதை எடுக்கிறார்கள். அவர்களோடு போனில் பேசுவது நாம்தானே.

1962-இல் பார்க்-டேவிஸ் என்ற மருந்து கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த வேதியியலாளர் கால்வின் ஸ்டீவன்ஸ் இதை முதன்முதலில் தயாரித்தார். 1964-இல் எட்வர்ட் டொமினோ என்ற மருத்துவர், மிச்சிகன் சிறையில் சம்மதித்து முன்வந்த கைதிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் சொன்னது விசித்திரமாக இருந்தது. ஆகாயத்தில் மிதந்தோம், கையும் காலும் இருப்பதே தெரியவில்லை என்றார்கள். முழுத் தூக்கமும் இல்லை, முழு விழிப்பும் இல்லை. இந்த நிலைக்கு என்ன பெயர் வைப்பது என்று டொமினோ வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவிதான் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தார். தமிழில் சொன்னால் "பிரிநிலை". உடம்பு ஒரு பக்கம், உணர்வு ஒரு பக்கம். இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1970-இல் அறுவைச் சிகிச்சை மயக்கத்துக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மிகக் குறைந்த அளவில் கொடுத்து, மூன்று நாளுக்குள் மனம் தேறியதைக் கண்டார்கள். அந்த ஆய்வை முழுக்க முடித்தது ஏழே பேர். பிறகு வந்த ஆய்வுகளும் அந்த வேகத்தை உறுதி செய்தன. வழக்கமான மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இது சில மணி நேரத்தில் பேசும். ஆனால் ஒரு வேளை மருந்தின் பலன் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் கரைந்துவிடும். அதனால் இது தொடர் வைத்தியம்.

யாருக்கு? இரண்டு விதமான மனச்சோர்வு மருந்துகளைச் சரியான அளவில், போதிய வாரம் சாப்பிட்டும் தேறாதவர்களுக்கு. "போதிய வாரம்" என்பதைக் கவனியுங்கள். முதல் வாரம் குமட்டுகிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, "எனக்கு மருந்தே பிடிக்கவில்லை" என்பவர்கள் நம்மிடம் அதிகம். அது பிடிக்காமல் போனதில்லை, சாப்பிடாமல் போனது. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பதிந்து, அந்த ஆறு வாரத்தை ஒழுங்காகக் கடப்பதுதான் முதல் வேலை.

யாருக்குக் கூடாது என்பதும் முக்கியம். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், மூளையில் இரத்தக்கசிவு வந்த வரலாறு, இரத்தக்குழாய் வீக்கம், மனச்சிதைவு, கர்ப்பம், போதைப் பழக்கம் இவை இருந்தால் வேண்டாம்.

இப்போது முறைக்கு வருவோம். மருத்துவமனையில் நரம்பு வழியாக என்றால், உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம், 40 நிமிடத்தில் ஏறும். 60 கிலோ ஆளுக்கு 30 மில்லிகிராம். வீட்டுக்குத் தருவது வாயில் கரையும் மாத்திரை. அதில் எழுதியிருக்கும் எண் இதைவிடப் பெரிதாக இருக்கும். பயப்படவும் வேண்டாம், ஒப்பிடவும் வேண்டாம். வாயில் கரைவதில் ஏறக்குறைய கால் பங்குதான் இரத்தத்தில் சேர்கிறது.

எடுப்பதற்கு முன் நான்கு மணி நேரம் கெட்டியான உணவு கூடாது. காலையில் என்றால் பசியாறக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கையில் சாய்ந்து உட்கார வேண்டும். மாத்திரையை நாக்கடியில் வைத்து, மருத்துவர் சொன்ன நிமிடம் வரை, பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம், ஊறும் எச்சிலை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்து துப்ப வேண்டும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். கசப்பு தாங்காமல் விழுங்கிவிடுகிறார்கள். விழுங்கியது குடலுக்குப் போய், கல்லீரலில் பெருமளவு உருமாறி, தாமதமாக வேலை செய்யும். குமட்டலும் கூடும். இந்த வாரம் பாதி விழுங்கி அடுத்த வாரம் முழுக்கத் துப்பினால், மருந்தின் அளவே வாரத்துக்கு வாரம் மாறிப்போகும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. கிரேப்ஃப்ரூட் சாறு, கெட்டமினை உடைக்கும் என்சைமை மந்தமாக்கி, விழுங்கிய மருந்து இரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறும்படி செய்துவிடும். தம்புன் பம்ளிமாஸ், லீமாவ் பாலி என்கிறோமே, அதுவும் அதே குடும்பம், அதிலும் அந்தப் பொருள் உண்டு. மருந்து எடுக்கும் நாட்களில் அதைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது பிரஷர். கெட்டமின் அழுத்தத்தை ஏற்றும், சுமார் 40 நிமிடத்தில் உச்சம். நம் நாட்டில் பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. 140-க்கு 90-க்கு மேல் காட்டினால் அன்றைக்கு மாத்திரை வேண்டாம், மருத்துவருக்குப் போன் போடுங்கள். அளக்கும் விதத்திலும் பிழை வரும். படியேறி வந்த மூச்சோடு, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே அளந்தால் எண் பொய் சொல்லும். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், இரு பாதமும் தரையில் படட்டும், பட்டை கட்டிய கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். சட்டைக் கையின் மேல் பட்டையைக் கட்டாதீர்கள். மாத்திரைக்கு முன் ஒரு முறை, 40 நிமிடத்தில் ஒரு முறை, முடிந்த பின் ஒரு முறை, எழுதி வையுங்கள்.

இதையெல்லாம் எழுதி வைப்பது யார்? மருந்து எடுத்தவரால் முடியாது. பக்கத்தில் இருக்கும் ஆள்தான். நான் இன்று வந்ததே இதைச் சொல்லத்தான். மேற்பார்வை என்றால் கணினித் திரையில் பத்து நிமிடம் பேசும் மருத்துவர் மட்டும் இல்லை. அந்த இரண்டு மணி நேரமும் ஒரே அறையில், குடிக்காமல், தூங்காமல், சார்ஜ் ஏற்றிய போனோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் வேண்டும். கெட்டமினின் ஒரு வடிவமான, மூக்கில் அடிக்கும் எஸ்கெட்டமினுக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது, கிளினிக்கிலேயே எடுத்து இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. வீட்டு மாத்திரைக்கு அப்படிப்பட்ட அனுமதி இல்லை. 2023 அக்டோபரில் அந்நாட்டு மருந்து நிர்வாகம், கண்காணிப்பில்லாமல் வீட்டில் எடுப்பதன் ஆபத்தைப் பகிரங்கமாக எச்சரித்தது. அதே மாதத்தில்தான் அமெரிக்க நடிகர் மேத்யூ பெர்ரி வீட்டு வெந்நீர்த் தொட்டியில் இறந்துகிடந்தார். அவர் உடம்பில் இருந்தது மருத்துவர் மேற்பார்வையில் ஏற்றிக்கொண்ட கெட்டமின் இல்லை. பக்கத்திலும் ஆள் இல்லை.

அந்த ஆள் என்ன பார்ப்பார்? கண் பாதி திறந்திருக்கும். கருவிழி இடமும் வலமுமாக மெல்ல ஆடும். கூப்பிட்டால் பதில் தாமதமாக வரும், சில சமயம் வராது. கண்ணீர் வழியலாம். "பிரிநிலை" என்றேனே, அது இதுதான். முன்கூட்டியே சொல்லி வைக்காத வீட்டில், சாமி வந்துவிட்டது, காத்து கருப்பு என்று பதறி உலுக்குவார்கள், முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். வேண்டாம். நெற்றியில் திருநீறு இடுவதால் கெடுதல் இல்லை, உலுக்குவதால் உண்டு. "நான் இங்கேதாம்மா இருக்கேன்" என்று மெதுவாக ஒரு தடவை சொன்னால் போதும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குளியலறைக்கு கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். அன்று காடி ஓட்டுவதும் இல்லை, மோட்டார் ஓட்டுவதும் இல்லை. ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான்.

மூச்சு மெதுவாகி நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே போனால், தட்டியும் எழாவிட்டால், நெஞ்சு வலித்தால், 999-க்குப் போன் போடுங்கள். கெட்டமின் தனியாக மூச்சை அவ்வளவாக அடக்காது. சம்சு சாராயத்தோடு, தூக்க மாத்திரையோடு, டிரமடோல் போன்ற வலி மாத்திரையோடு சேர்ந்தால் அடக்கும். மருத்துவரிடம் மறைப்பதும் பெரும்பாலும் இந்த மூன்றைத்தான்.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையைப் பூட்டி, எண்ணி வையுங்கள். எல்லா மருந்தையும் போட்டு வைக்கும் பிஸ்கட் டின் இதற்கு ஆகாது, பிள்ளைகள் கண்ணுக்கு இது மிட்டாய். இன்னொன்று சிறுநீர்ப்பை. அடிக்கடி போவது, எரிச்சல், இரத்தம், எது தெரிந்தாலும் அடுத்த மாத்திரையை எடுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். விடாமல் எடுத்தால் பை சுருங்கி, நிரந்தரச் சேதமாகிவிடலாம்.

யாருக்காவது இன்றைக்கே மனம் தாங்கவில்லை என்றால், சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. மனம்விட்டுப் பேசக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929, அது 24 மணி நேரமும். எண்ணைத் திரும்பச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: 15555. வணக்கம்.